தஞ்சைக் கண்ணாடி ஓவியம்

கண்ணாடித் தகட்டின் பின்புறத்தில் தீட்டி, முன்புறமிருந்து பார்க்கப்படுவது கண்ணாடி ஓவியம். தமிழகத்தில் இதற்குப் பேர்போன ஊர் தஞ்சாவூர். மராட்டியர் ஆட்சியின் பிற்காலத்திலும், 1855இல் அரசு பறிபோன பிறகும் இக்கலை அங்கே வளர்ந்தது. வெண்ணெய்க் கண்ணன், ராமர் பட்டாபிஷேகம், லட்சுமி, சரஸ்வதி ஆகியவையே பெரும்பாலான படங்களின் பொருள்.

மரப்பலகையில் எழுதும் தஞ்சாவூர் ஓவியத்தில் முகத்தின் நுண்கோடுகள் கடைசி வேலை. கண்ணாடியில் அவைதான் முதல் வேலை. கருவிழியை முதலில் வைத்து, அது காய்ந்தபின் அதன்மேல் வெள்ளை விழியைப் பூசுவார்கள். புருவம், இதழ்க்கோடு, முத்துமாலை எல்லாம் முடிந்த பிறகே உடலின் நிறம் வரும். அடுத்து உடை, இறுதியில் பின்னணி. உடல் நிறம் ஏறிவிட்டால் கண்ணைத் திருத்த வழியில்லை. திருத்தத்துக்கு இடமின்றித் தீட்டும் இந்தத் துணிவே இக்கலையின் உயிர். வலமும் இடமும் மாறித் தெரியும் என்பதால், அடியில் வைத்துப் பார்த்தெழுதும் மாதிரிப் படத்தையும் திருப்பிப் போட வேண்டும். மறந்தால் கண்ணன் இடக்கையில் வெண்ணெய் ஏந்துவான். நகைகளுக்கு விட்ட இடைவெளியின் பின்னால் ஜிகினாத்தாள் வைப்பார்கள்; விளக்கொளியில் அது பொன்னாக மின்னும்.

ஐரோப்பாவில் வெனிஸ், ஆக்ஸ்பர்க், பொகீமியா ஆகிய இடங்களில் கண்ணாடி ஓவியக் கலை முன்பே வேரூன்றியிருந்தது. ஐரோப்பியர் வழியே சீனா சென்று, 18ஆம் நூற்றாண்டில் கேன்டன் பட்டறைகளில் ஏற்றுமதித் தொழிலாகவே ஆனது. சீன வணிகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. சீனப் படங்களின் மென்மையான நிழற்பூச்சைத் தஞ்சை ஓவியர்கள் பின்பற்றவில்லை. அழுத்தமான தட்டை நிறங்களும் தடித்த உருவங்களும் அவர்களுடையவை. இதைக் குறையென்று கொள்வதற்கில்லை. பூஜையறையின் மங்கிய வெளிச்சத்திலும் சாமி முகம் தெளிவாகத் தெரிய அதுவே வழி.

ஓவியர் ரவி வர்மாவின் அச்சகம் 1894இல் தொடங்கியது. மலிவான அச்சுப்படங்கள் வீடுதோறும் நுழைய, கண்ணாடி ஓவியர்களுக்கு வேலை குறைந்தது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் தேக்குச் சட்டமிட்ட பழைய படங்களை இன்றும் காணலாம்.

கண்ணாடி வண்ணத்தை உறிஞ்சாது. வண்ணம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு மட்டுமே நிற்கிறது. ஈரம் பட்டால் செதில் செதிலாக உரியும். ஆகவே இப்படங்களை ஓதமேறும் சுவரில் மாட்டக் கூடாது. பின்பலகையைக் கழற்றித் துணியால் துடைப்பது அதைவிடக் கேடு.