ஒண்ணாம் டிவிஷன் பள்ளிக்கூடம்

கெடாவில் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஹார்வர்ட், பேடனோக், ஸ்கார்போரோ, ஹென்ரியேட்டா, விக்டோரியா, சோம். பேடனோக் ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு வட்டாரம். சோம் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1916இல் பிரான்சில் லட்சக்கணக்கானோர் விழுந்த போர்க்களம்தான் ஞாபகத்துக்கு வரும். ஹார்வர்ட் என்றால் கேட்கவே வேண்டாம். "நானும் ஹார்வர்ட்ல படிச்சவன்தான்" என்று பீடோங் பக்கத்து ஆள் ஒருவர் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன். பெயருக்குப் பின்னால் பஹாகியான் 1, 2, 3 என்று எண் வேறு. அது தோட்டத்தின் டிவிஷன் எண். பள்ளிக்கூடத்துக்கென்று தனிப்பெயர் வைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. பால் ஸ்டோர், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை மாதிரி அதுவும் டிவிஷனில் நின்ற கட்டடங்களில் ஒன்று.

இந்தக் கட்டடம் ஏன் எழும்பியது என்பதைக் கொஞ்சம் கசப்போடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1909இல் கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷ் பிடிக்குள் வந்தது. ரப்பர் தோட்டங்கள் தெற்குக் கெடாவில் பரவின. ஆள் வேண்டும். தனி ஆண்களாக வந்தவர்கள் நிலைக்கவில்லை; குடும்பமாக வந்தால் நிலைப்பார்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று இந்திய அரசாங்கமும் நெருக்கியது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். கெடா அந்தக் கூட்டில் இல்லை என்றாலும் இங்கேயும் தோட்டப்பள்ளிகள் அதே போக்கில்தான் முளைத்தன. படித்த பிள்ளை என்ன ஆகும் என்று துரைமார்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தகப்பன் வெட்டும் மரத்தை மகன் வெட்டுவான், அவ்வளவுதான் கணக்கு. பல இடங்களில் கிராணியோ, எழுத்துத் தெரிந்த கங்காணியோதான் முதல் வாத்தியார்.

என் அம்மா அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் படித்தவர். அதன் நாள் முறையை அவர் சொல்லக் கேட்டால் அது பாடவேளையை ஒட்டி நடந்ததாகவே தோன்றாது, ரப்பர் மரத்தை ஒட்டி நடந்தது. விடியுமுன்னே பெரட்டு. அப்பா அம்மா உளியோடு காட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்கு, பெரிய பிள்ளை பள்ளிக்கு. மதியம் பள்ளி விட்டதும் ஒட்டுப்பால் உருவவும் மங்கு துடைக்கவும் கூடமாட ஓட வேண்டும். ஜனவரியில் பள்ளி திறக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே வெயில் காய்ச்சும், மரம் இலை கொட்டும், பால் சுருங்கும், கூடவே சம்பளமும். "சப்பாத்து வாங்குற நேரத்துலதான் மரம் மொட்டையா நிக்கும்" என்பார் அம்மா. அவர் நாலாம் வகுப்போடு நின்றதற்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. தம்பிக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு வாரம் இரண்டு வாரமாகி, அப்புறம் போகவே இல்லை.

தோட்டப்பள்ளியைப் பொற்காலமாக எழுதும் கட்டுரைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. நான் அவற்றை நம்புவதில்லை. ஆனாலும் அம்மாவுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் இருக்கும் பிரியம் பொய்யில்லை. ஊருக்குக் கடிதம் எழுத வாத்தியார் வேண்டும். 'தமிழ் முரசு', 'தமிழ் நேசன்' வந்தால் சத்தம் போட்டு வாசிக்க வாத்தியார் வேண்டும். மாரியம்மன் கோயில் திருவிழா நாடகத்துக்கு வசனம் எழுதி, வேஷம் கட்டவைத்து, கடைசி நேரத்தில் வராமல்போனவனுக்குப் பதிலாகத் தானே மேடையேறவும் அவர்தான். 1952இல் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கியபின் பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் தோட்டம் வரை வந்தன. அதற்குச் சற்று முன்பு 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பையும் இங்கே சேர்த்து யோசிக்க வேண்டும். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் இத்தனை பேர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாக இருந்தது தற்செயல் இல்லை. இன்று சுங்கை பட்டாணியிலிருந்து எழுதும் கே. பாலமுருகன் வரை அந்த வரிசை நீள்கிறது.

கள்ளுக்கடையைச் சொன்னேன் அல்லவா? தோட்டத்தில் பிள்ளைக்குப் பள்ளி, தகப்பனுக்குக் கள்ளு. இரண்டையும் நிர்வாகமே பார்த்துக்கொண்டது. யுத்தம் முடிந்து, சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் பிழைத்தவர்கள் திரும்பியபின், இந்த ஏற்பாட்டை முதலில் கேள்வி கேட்டவர்கள் ஹார்வர்ட் தோட்டத்து ஆட்கள்தான். ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி எடுத்தார்கள். கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். 1947இன் முதல் மாதங்களில் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீசோடு மோதல் நடந்தது, தொழிலாளர் உயிர் போனது, சாமி கைதானார். நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு பத்திகூட கிடையாது. ஹார்வர்ட் என்ற பெயர்ப்பலகையின் கீழ் தினமும் நுழையும் பிள்ளைக்குத் தன் பள்ளியின் பெயரில் இப்படி ஒரு சம்பவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

சுதந்திரத்தின்போது, 1957இல், நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று ஏறக்குறைய 530. இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடினார்கள். துண்டான தோட்டத்தில் வேலையில்லை, வீடில்லை, பள்ளியும் இல்லை. அதைத் தடுக்கத்தான் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பணத்தில் அது வாங்கிய முதல் தோட்டமும் கெடாவில்தான் இருக்கிறது, புக்கிட் சீடிம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை.

பள்ளிகளைப் பிடித்த பிடி நிலத்தில் இருந்தது. சுதந்திரத்துக்குப்பின் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது ஆயிற்று. மண் மட்டும் தோட்டத்தினுடையது. அரசாங்க நிலத்தில் இல்லாத பள்ளிக்குப் பகுதி உதவிதான் என்பது விதி. கூரை ஒழுகினால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்து நடத்தி, அதிர்ஷ்டக்குலுக்கு விற்று, பழைய மாணவர்களைப் பிடித்துப் பணம் சேர்க்க வேண்டும். அந்த விருந்துகளில் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. எங்களுக்கு அது ஏதோ கொண்டாட்டம் மாதிரிதான் இருந்தது. கூரைக்காக என்று பிறகுதான் புரிந்தது.

போன ஆண்டு பீடோங் வட்டாரத்தில் ஒரு சின்னப் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். 150 பேருக்குக் குறைவாக இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கு. இங்கே அதில் கால்வாசிகூட இல்லை. சிவப்பு அணி, நீல அணி என்று பிரித்தால் எல்லாப் பிள்ளையும் எல்லா ஓட்டத்திலும் ஓடியாக வேண்டும். ஒரு பொடியன் நூறு மீட்டர் ஓடி முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததற்குப் பெயர் கூப்பிட்டார்கள். பந்தலுக்குள்ளோ எள் விழ இடமில்லை. சுங்கை பட்டாணி, கூலிம், பினாங்கிலிருந்தெல்லாம் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஓடவில்லை, பந்தலில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகளும்தான்.

அம்மாவுக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் எனக்குப் பசியாறப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"புள்ளய எங்கப்பா போட்டிருக்க?"

"டவுன்ல, பாட்டி. தமிழ்ப்பள்ளிதான்."

"எத்தன புள்ளைங்க?"

"அறுநூறு இருக்கும்."

பாட்டி திடலைப் பார்த்தார். நாலு பேர் ஓட்டத்துக்கு மூன்று பிள்ளைகள்தான் கோட்டில் நின்றார்கள். நான்காவதாக ஆசிரியை ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றார்.

"அங்கதான் நெறைய இருக்கே," என்றார் பாட்டி. "வேன் டவுன் வரைக்கும் வருதுப்பா. காலையில ஆறரைக்கு."