துருவம் மாறிய கதை
1980-இல் கேசியோடோன் 201 என்னும் கீபோர்டு வாயிலாக வாத்திய உலகில் பிரவேசித்த ஜப்பானியக் கேசியோ நிறுவனம், பின்னர் வெளியிட்ட சிறு கீபோர்டுகள் பலவற்றுக்கு, முளையின் நடுவில் எதிர்த்துருவம் நிற்கும் 9 வோல்ட் அடாப்டரை நியமித்தது. யமஹாவோ தன் கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட்டில், நடுவே நேர்த்துருவம் வைத்தது. இப்பேதமே போதாதென்று, பிற்காலத்தில் கேசியோவும் பல மாதிரிகளில் 9.5 வோல்ட்டுக்கும் நடு நேர்த்துருவத்துக்கும் மாறிவிட்டபடியால், பெயரை மட்டும் நம்பிப் பழைய வாத்தியத்துக்குப் புதிய அடாப்டர் வாங்குகிறவர் விபரீதத்தையே விலைக்கு வாங்குகிறார். முளை பொருந்துவது ஒரு பிரமாணமே அன்று, கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் சரி. வாத்தியத்தில் முளை நுழையும் துவாரத்தின் அருகே அச்சிட்ட சிறு சித்திரத்தில், நடுப்புள்ளியினின்று புறப்படும் கோடு கூட்டல் குறியில் முடிகிறதா, கழித்தல் குறியில் முடிகிறதா என்று பார்க்கவேண்டும். வோல்ட் ஒத்திருந்தால், ஆம்பியர் சற்று மிகுந்திருப்பது தோஷமன்று, குறைவதுதான் தோஷம்.