சதுரங்க உலக சாம்பியன் போட்டி விதிகள்

பட்டத்துக்கு மோதும் இருவர் எத்தனை ஆட்டங்கள் ஆட வேண்டும், சமனில் முடிந்த ஆட்டங்களை எப்படிக் கணக்கிடுவது, இறுதியில் புள்ளிகள் சமமானால் பட்டம் யாருக்கு ஆகியவற்றை வரையறுப்பவை சதுரங்க உலக சாம்பியன் போட்டி விதிகள். பலகையில் இருவருக்கும் காய்கள் சமம். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரும். அநீதி நுழைய வழி இருப்பது பலகைக்கு வெளியே எழுதப்படும் இந்த விதிகளில்தான். ஆதாயம் யாருக்கு என்று தெரிந்த பின் எழுதப்பட்ட அல்லது மாற்றப்பட்ட விதிகளே பெரும் சர்ச்சைகளைக் கிளப்பின என்பதை இவற்றின் வரலாறு காட்டுகிறது.

தொடக்கத்தில் விதிகளை வகுத்தது ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமே. 1886-இல் ஸ்டைனிட்ஸும் சூகர்டார்ட்டும் முதலில் 10 வெற்றி பெறுபவருக்கே பட்டம் என்று மோதினர். அதன்பின் சாம்பியனே நிபந்தனை விதிக்கும் வழக்கம் வேரூன்றியது. 1910-இல் சாம்பியன் லாஸ்கருக்கு எதிரான 10 ஆட்டப் போட்டியில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்த ஷ்லெக்டர், கடைசி ஆட்டத்தில் வெற்றிக்கு முயன்று தோற்றார். இரண்டு புள்ளி வித்தியாசம் தேவை என்ற நிபந்தனை அவரை உந்தியது என்பர் சிலர். அப்படி ஒன்று இருந்ததா என்பதே கேள்வி என்பர் வேறு சிலர். 1922-இல் காப்பபிளாங்கா முன்வைத்த லண்டன் விதிகள் 10,000 டாலர் பரிசுத்தொகையைக் கோரின. 1927-இல் அவரை வென்ற அலெகைன், மறுபோட்டிக்கு ஒருபோதும் இடம் தரவில்லை.

அலெகைன் 1946-இல் பட்டத்துடனேயே இறந்ததால் பொறுப்பு பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயிடம் வந்தது. 24 ஆட்டங்கள், 12-12 என்றால் சாம்பியனுக்கே பட்டம், தோற்ற சாம்பியனுக்கு மறுபோட்டி உரிமை என்ற ஏற்பாட்டின் பலத்தை அக்காலச் சாம்பியன் போட்வின்னிக்கின் கணக்கே சொல்லும். 1951, 1954 போட்டிகள் சமனில் முடிந்தன. 1957, 1960, 1963-இல் தோற்றார். சாம்பியனாகக் களமிறங்கிய ஒரு பட்டப் போட்டியிலும் அவர் வெல்லவில்லை. ஆனாலும் மறுபோட்டிகளில் 1958, 1961 ஆண்டுகளில் பட்டத்தை மீட்டு, 1948 முதல் 1963 வரை பெரும்பகுதி அவரே சாம்பியன். 1963-க்குள் மறுபோட்டி உரிமை நீக்கப்பட்டிருந்தது. 1962 குராசோ தகுதிப் போட்டியில் பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் சமனாயின. இது கூட்டுச்சதி என்று, பின்னாளில் சாம்பியனான ஃபிஷர் குற்றஞ்சாட்டிய பின், தகுதிச் சுற்று நேரடி மோதல்களாக மாற்றப்பட்டது.

அடுத்துப் பார்க்க வேண்டியது 1975 முதல் 1985 வரையிலான பத்தாண்டு. சாம்பியனாக இருந்த ஃபிஷர் மூன்று கோரிக்கைகளை வைத்தார்: 10 வெற்றிகள் வரை ஆட வேண்டும், ஆட்டங்களுக்கு உச்சவரம்பு கூடாது, வெற்றிகள் 9-9 ஆனால் பட்டம் சாம்பியனிடமே இருக்க வேண்டும். ஃபிடே முதல் இரண்டை ஏற்றது. மூன்றாவதை 35-க்கு 32 வாக்குகளில் நிராகரித்தது. ஃபிஷர் ஆட மறுக்க, கார்ப்போவ் ஓர் ஆட்டமும் ஆடாமல் சாம்பியன் ஆனார். 9-9 விதி 1886-இலேயே இருந்ததே என்பது ஃபிஷர் ஆதரவாளர்களின் வாதம். அன்று அந்த விதிப்படி போட்டி சமனாகியிருக்கும். இருவரில் எவருக்கும் அது சலுகை தரவில்லை. 1975-இலோ எதிராளி குறைந்தது 10-8 என்று வென்றாக வேண்டும். சாம்பியனுக்கு 9 வெற்றிகளே போதும். 12-12 விதியும் சாம்பியனுக்குச் சாதகம்தானே என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் அங்கே எதிராளிக்கு ஒரே ஒரு புள்ளி முன்னிலை போதும். ஃபிஷர் கேட்டது இரண்டு வெற்றி வித்தியாசம். அதைக் கேட்டவரும் அதனால் பயன்பெறுபவரே.

வெற்றிகளை மட்டும் எண்ணும் முறை, 6 வெற்றி என்ற அளவில், ஃபிஷருக்குப் பிறகும் நீடித்தது. சமன்களைக் குறைக்க வந்த அந்த முறையே அவற்றைப் பெருக்கியது. 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய போட்டியில், 9 ஆட்டங்களில் 4-0 என்று முந்திய கார்ப்போவுக்கு எதிராக, பட்டத்துக்கு மோதிய கஸ்பாரவ் தற்காப்பில் இறங்க, அடுத்த 17 ஆட்டங்களும் சமன். 27-ஆவது ஆட்டத்தில் 5-0. பட்டத்துக்கு ஒரே வெற்றி பாக்கி. அந்த வெற்றி வரவேயில்லை. 32, 47, 48-ஆவது ஆட்டங்களைக் கஸ்பாரவ் வென்றார். 1985 பிப்ரவரி 15 அன்று, ஐந்து மாதம் நடந்த போட்டியை ஃபிடே தலைவர் காம்போமானெஸ் முடிவின்றி நிறுத்தினார். ஆட்டக்காரர்களின் உடற்சோர்வைக் காரணம் காட்டினார். தொடர்ந்து ஆட விரும்புவதாக இருவருமே கூறினர். களைத்த கார்ப்போவைக் காக்கவே இந்த முடிவு என்பது ஒரு தரப்பு. 3-5 என்று பின்தங்கிய கஸ்பாரவுக்குத்தான் இதனால் புதுத் தொடக்கம் கிடைத்தது என்பது மறுதரப்பு. எது சரியாயினும், பாதி வழியில் போட்டியை நிறுத்த ஒரு தனிமனிதருக்கு அதிகாரம் இருந்ததே அடிப்படைக் குறை. அதே ஆண்டு பழைய 24 ஆட்ட முறையில் நடந்த புதிய போட்டியில் கஸ்பாரவ் 13-11 என்று வென்றார்.

1993-இல் பட்டம் இரண்டாகப் பிளந்தது. 2006-இல் மீண்டும் இணைந்தது. இடையில், 1997 டிசம்பரில் குரோனிங்கனில் நாக்அவுட் சுற்றுகளை வென்ற விஸ்வநாதன் ஆனந்த், சில நாள்களிலேயே லோசானில் நேரடியாக இறுதிக்கு அனுமதிக்கப்பட்டிருந்த கார்ப்போவை எதிர்கொண்டு 3-3 என்று சமன் செய்தார். விரைவு ஆட்டங்களில் தோற்றார்.

2006 முதல் சமநிலை விரைவு ஆட்டங்களால் தீர்க்கப்படுகிறது; 2012, 2016, 2018, 2023 போட்டிகள் அப்படியே முடிந்தன. 2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் 7.5-6.5 என்று வென்றதால் அதற்குத் தேவை எழவில்லை. நீண்ட ஆட்டத்தின் பட்டத்தை விரைவு ஆட்டம் தீர்மானிப்பது பொருந்தாது என்ற குறை நியாயமானதே. ஆனாலும் அந்த ஆபத்து இருவருக்கும் சமம். போட்டி தொடங்குமுன்பே இருவருக்கும் தெரிந்தது. சாம்பியனுக்குத் தனிச்சலுகை தந்த பழைய ஏற்பாடுகளைவிட இது நியாயமானது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.