எல்லையைச் சொல்லும் விளக்கம்: செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான கருவிகளை விவரிக்கும் முறை

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மொழி மாதிரிகளுக்கு வெளிச் செயற்கூறுகளை அழைக்கும் வசதியைத் தந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், மாதிரிகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் திறந்த நெறிமுறையை வெளியிட்டது. கோப்பைத் திருத்துவதும் தரவுத்தளத்தில் தேடுவதும் மின்னஞ்சல் அனுப்புவதும் இவற்றால், மொழி மாதிரியைக் கொண்டு பணிகளைத் தாமே செய்யும் மென்பொருள்களான முகவர்களின் கைக்கு எட்டின. இப்படி அழைக்கப்படும் ஒரு கருவியைப் பற்றி முகவருக்குக் கிடைப்பவை அடிப்படையில் மூன்று: பெயர், இயல்பான மொழியில் ஒரு விளக்கம், ஜேசன் ஸ்கீமா வடிவில் அளவுருக்கள். இவற்றுள் விளக்கத்தை, நிரல் முடிந்தபின் ஒட்டவைக்கும் குறிப்பாகவே பலர் கருதுகின்றனர். அது நிரலின் உறுப்பு என்பதும், கருவியின் ஆற்றலைவிட அதன் எல்லையைச் சொல்லும் வரிகளே அதில் இன்றியமையாதவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. ஒப்பந்தமும் வெற்றிடமும்

ஒரு மென்பொருள் கூறின் வரையறை, பயன்படுத்துவோருக்கு வேண்டியதை முழுமையாகத் தர வேண்டும், அதற்குமேல் எதையும் தரலாகாது என்று கணினியியலாளர் டேவிட் பார்னாஸ் 1972இல் வலியுறுத்தினார். 1980களில் பெர்ட்ராண்ட் மேயர் ஐஃபெல் நிரல்மொழியில் இவ்வுறவை ஒப்பந்தமாகவே வகுத்தார். அழைப்பவர் நிறைவேற்ற வேண்டிய முன்நிபந்தனையும், அழைக்கப்படும் கூறு உறுதியளிக்கும் பின்நிபந்தனையும் அதில் அடங்கும்.

ஒப்பந்தம் குறைபட்டாலும் மனித நிரலாளருக்கு வேறு வழிகள் உண்டு. மூலநிரலைப் படிக்கலாம், எழுதியவரைக் கேட்கலாம், சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்க்கலாம். முகவருக்குப் பெரும்பாலும் இவை வாய்ப்பதில்லை. எழுதாமல் விட்ட இடத்தை அது பயிற்சியில் கண்ட பொதுவழக்கால் நிரப்பிக்கொள்கிறது.

2. மூன்று குற்றங்கள்

நன்னூல் தொகுத்துரைக்கும் பத்து நூற்குற்றங்களில் மூன்று கருவி விளக்கங்களுக்கும் நேரே பொருந்துகின்றன.

முதலாவது குன்றக் கூறல். இணையக் கடை ஒன்றின் முகவருக்கு ‘ஆர்டர்_ரத்து’ என்ற கருவி இருப்பதாகக் கொள்வோம். “ஆர்டரை ரத்து செய்யும்” என்பது மட்டுமே அதன் விளக்கம் என்றால், முகவரியை மாற்றக் கேட்ட வாடிக்கையாளரின் ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிவதும் முகவருக்கு முறையான வழியாகத் தோன்றலாம். அதையே இப்படி எழுதலாம்: “இன்னும் அனுப்பப்படாத ஆர்டரை ரத்து செய்யும். ரத்தானதை மீட்க முடியாது. பணம் தானாகத் திரும்பாது. அதற்குப் ‘பணம்_திருப்பு’ கருவியை அழைக்கவும். முகவரி மாற்றத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அனுப்பப்பட்ட ஆர்டராயின் பிழைச்செய்தி தரும்.” சேர்ந்த ஒவ்வொரு வரியும் ஓர் எல்லையை வரைகிறது, ஒவ்வொன்றும் ஒரு தவறான அழைப்பை முன்கூட்டியே தடுக்கிறது.

இரண்டாவது மயங்க வைத்தல். ‘தேடு’, ‘கண்டறி’, ‘பெறு’ என்ற மூன்று கருவிகளின் விளக்கங்கள் தனித்தனியே தெளிவாக இருக்கலாம். ஆனால் முகவர் அவற்றை ஒருசேர வாசித்தே தேர்ந்தெடுக்கிறது. ஆகவே ஒரு கருவி தன் அண்டைக் கருவியிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதையும் எழுத வேண்டும்.

மூன்றாவது மிகைபடக் கூறல். கருவி விளக்கங்கள் வழக்கமாக ஒவ்வோர் அழைப்பிலும் மாதிரியின் சூழலில் இடம்பிடிக்கின்றன. உள்ளமைப்பின் வரலாறும் பாராட்டுரையும் டோக்கன்களை (மாதிரி வாசிக்கும் சொற்துண்டுகளை) விழுங்கி, வேண்டிய வரியை மறைக்கின்றன.

3. சொல்லால் தீராதவை

எல்லாக் குறையையும் விளக்கம் எழுதியே தீர்க்க முடியாது. மென்பொருள் பிழைகளைத் திருத்தும் தன் முகவர், மூல அடைவை விட்டு நகர்ந்தபின் கோப்புகளின் சார்புப் பாதைகளில் தவறியதாக ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் பதிவுசெய்தது. முழுப் பாதையை மட்டுமே ஏற்கும்படி கருவியை மாற்றியதும் தவறு நீங்கியது. நீண்ட எச்சரிக்கை தேவைப்படும் இடத்தில் அளவுருவை மாற்றியமைப்பதே பெரும்பாலும் சிறந்த திருத்தம்.

பாதுகாப்பும் அப்படியே. பிறர் தரும் கருவி விளக்கத்துக்குள் தீய கட்டளைகளை ஒளித்துவைக்கும் தாக்குதல்கள் 2025இல் வெளிச்சத்துக்கு வந்தன. நாமே எழுதும் விளக்கத்திலும், “ஒப்புதலின்றி அழிக்காதே” என்ற வரி முகவரை வழிநடத்தும். ஆனால் முகவரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அவ்வரிக்கு இல்லை. அனுமதிச் சோதனை நிரலிலேயே இருக்க வேண்டும்.

4. ஒரு மறுப்பும் விடையும்

மாதிரிகள் திறன் பெறப்பெற இந்த உழைப்பு தேவையற்றுப்போகும் என்பர் சிலர். மங்கலான சொற்றொடரின் பொருளை ஊகிப்பதில் அவை தேறிவரலாம். ஆனால் ரத்தான ஆர்டரை மீட்க இயலுமா, தேதி எந்த நேரமண்டலத்தைச் சேர்ந்தது என்பவை அந்த அமைப்பை உருவாக்கியவர் எடுத்த முடிவுகள். அவர் சொன்னாலன்றி, ஊகத்தால் அவற்றை உறுதிப்படுத்த முடியாது.

எனவே விளக்கத்தின் ஒவ்வொரு மாற்றத்தையும் நிரல் மாற்றத்துக்கு நிகராக மதிப்பாய்வு செய்ய வேண்டும். உண்மையான பணிகளைக் கொடுத்து, முகவர் எந்தக் கருவியை எந்த மதிப்புகளோடு அழைத்தது என்ற பதிவுகளைப் படித்துத் திருத்த வேண்டும். தவறான அழைப்பின் இழப்பு வாடிக்கையாளரையே சேர்கிறது. கருவியின் எல்லையை அறிந்தவர் அதை எழுதிவைப்பது அவருடைய கடமை.