மூன்றாவது ஆள்

தளபதி விழுந்துவிட்டால் சேனை என்ன செய்யும் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. குருக்ஷேத்திரத்தில் பீஷ்மர் 10 நாள், துரோணர் 5 நாள், கர்ணன் 2 நாள், சல்லியன் அரை நாள் என்று கௌரவர்கள் நான்கு தலைவர்களைக் கண்டார்கள். பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஆனால் ஒன்றை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தலைவன் மாறியபோதெல்லாம் யுத்தத்தின் முறையும் மாறிற்று. துரோணர் வந்ததும் தர்மபுத்திரரை உயிரோடு பிடிப்பதே நோக்கம் என்றாயிற்று. கர்ணன் வந்ததும் தனக்கு ஏற்ற சாரதி வேண்டுமென்று கேட்டான். அவரவர் கைக்குத் தகுந்த யுத்தம்.

இதே சங்கடம் நம் காலத்தில் அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலைக்கு நேர்ந்தது. யுத்தம் அல்ல, விளையாட்டுத்தான். ஆயினும் லட்சம் பேர் கூடி உட்கார்ந்து பார்க்கிற விளையாட்டு. கொலம்பஸ் நகரத்திலுள்ள ஒஹையோ ஸ்டேட் சர்வகலாசாலை 2014-ஆம் வருஷத்தில் தன் கட்சியின் தலைவனை இழந்தது. பிறகு அவனுடைய இடத்துக்கு வந்தவனையும் இழந்தது. கடைசியில் மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டு தேசத்தில் முதல் ஸ்தானத்தைப் பெற்றது. விளையாட்டுச் செய்திகளைப் புரட்டிவிட்டுப் போகும் வழக்கமுள்ள நான் இந்த ஒரு சரித்திரத்தில் மட்டும் நின்றுவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்பது நம் பையன்கள் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. அவர்களுடைய பந்து இரு முனையும் கூராக நீண்டிருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். கட்சிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் கட்சிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு. இல்லாவிட்டால் பந்து எதிரிக்கு. எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துவிட்டால் அது 'டச்டவுன்'. அதற்கு 6 புள்ளி.

இந்த முயற்சிகளெல்லாம் பெரும்பாலும் ஒருவன் கையிலிருந்துதான் ஆரம்பமாகின்றன. அவனுக்குக் 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். முன்னால் குனிந்து நிற்பவன் தன் கால்களுக்கிடையே பின்னால் தள்ளும் பந்தை அவன் வாங்குகிறான். வாங்கிய மறு கணம் தீர்மானிக்க வேண்டும்: தூரத்தில் ஓடுகிற கூட்டாளிக்கு எறிவதா, பக்கத்திலிருக்கும் ஓட்டக்காரனிடம் கொடுப்பதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா? அவனைத் தரையில் சாய்ப்பதற்கென்றே எதிரில் ஆட்கள் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள்.

ஒஹையோ கட்சியின் பயிற்சியாளர் அர்பன் மேயர். மேயர் என்பது குடும்பப் பெயர். நகரசபைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. தாக்கும் முறைகளை வகுக்கும் பொறுப்பு டாம் ஹெர்மன் என்பவருடையது. அவர்களுடைய முறையில் ஒரு சூட்சுமம் இருந்தது. எதிரிகளில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் அவன் ஒருவனையே பார்ப்பான். அவன் ஓட்டக்காரன்மேல் பாய்ந்தால், பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவான். தன்மேல் பாய்ந்தால், ஓட்டக்காரனிடம் கொடுத்துவிடுவான். தடுக்காமலே ஓர் எதிரி கழிந்து போகிறான்! ஆனால் இந்தக் கணக்குப் பலிக்க வேண்டுமானால், குவார்ட்டர்பேக்கின் கால்களைக் கண்டு எதிரி பயப்பட வேண்டும்.

பிராக்ஸ்டன் மில்லரின் கால்களைக் கண்டு பயப்படாதவர்கள் கிடையாது. தங்கள் வட்டாரமான 'பிக் டென்' கூட்டத்தில் 2012-லும் 2013-லும் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரன் என்ற விருது அவனுக்கே கிடைத்தது. திட்டம் குலைந்தால்கூட அவன் வளைந்து நெளிந்து எப்படியாவது தப்பிவிடுவான். ஆகையால் திட்டத்திலிருந்த ஓட்டைகள் வெளியே தெரியாமல் இருந்தன. ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளை கெட்டிக்காரனாயிருந்தால் மற்றவர்களின் சாமர்த்தியக் குறைவு தெரியாமல் போகிறதல்லவா? அப்படித்தான்.

2014 ஆகஸ்டு 18-ஆம் தேதி, முதல் ஆட்டத்துக்கு 12 நாள் இருக்கும்போது, பயிற்சியில் ஒரு சிறு தூரம் பந்தை எறிந்தான் மில்லர். யாரும் அவனைத் தொடவில்லை, இடிக்கவில்லை. ஏற்கெனவே சிகிச்சை செய்திருந்த தோள் மறுபடி போய்விட்டது. அந்த வருஷம் முழுவதும் அவன் ஆடுவதற்கில்லை என்று ஆயிற்று.

அவனுக்குப் பதிலாக வந்தவன் ஜே. டி. பாரெட். டெக்ஸாஸ் மாகாணத்துப் பையன், வயது 19. கல்லூரி ஆட்டம் ஒன்றில்கூட அதுவரை இறங்கியதில்லை. போதாக்குறைக்கு, அவனைப் பாதுகாக்க முன்வரிசையில் நிற்க வேண்டிய ஐந்து பேரில் நான்கு பேர் அந்த ஸ்தானங்களுக்குப் புதியவர்கள். முதல் ஆட்டத்தில் கடற்படைக் கல்லூரியை 34-17 என்று வென்றார்கள். செப்டம்பர் 6-ஆம் தேதி வர்ஜீனியா டெக் வந்தது. அவர்கள் தங்கள் ஆட்களைக் கோட்டருகே நெருக்கி நிறுத்தினார்கள். 'உன்னை ஓட விடமாட்டோம், முடிந்தால் எறிந்து பார்' என்று அதற்கு அர்த்தம். பாரெட் 29 தடவை எறிந்தான். 9 தான் கூட்டாளிகள் கையில் சேர்ந்தது. 3 எதிரிகள் கைக்குப் போயிற்று. 7 தடவை பந்தோடு அவனைச் சாய்த்தார்கள். சொந்த மைதானத்தில் ஒஹையோ 35-21 என்று தோற்றது.

மேயரும் ஹெர்மனும் அதற்குப் பிறகு செய்தது என் மனத்துக்குப் பிடித்த காரியம். 'மில்லரைப் போல் ஆடு' என்று அந்தப் பையனை அவர்கள் வாட்டவில்லை. அவனுக்கு என்ன வரும் என்று பார்த்தார்கள். மில்லரின் மின்னல் வேகம் அவனிடம் இல்லை. ஆனால் நிதானம் இருந்தது; எதிரியின் வரிசையைப் படிக்கும் கண் இருந்தது. ஆகவே பந்து சீக்கிரம் கையை விட்டுப் போகும்படி ஆட்டத்தை மாற்றினார்கள். குறுகிய தூரத்துக்குச் சட்டென்று எறிவது, பக்கவாட்டில் ஓடுபவனிடம் கொடுப்பது, மைதானத்தின் அகலம் முழுவதையும் உபயோகிப்பது - இப்படி. கோட்டருகே நெருங்கி நின்றவர்கள் கலைந்து விரிய வேண்டியதாயிற்று. முன்வரிசைப் புதியவர்களும் வாரத்துக்கு வாரம் தேறினார்கள்.

அதன் பின் தோல்வியே இல்லை. பென் ஸ்டேட் மைதானத்தில் பாரெட் முழங்காலில் அடிபட்டும் ஆடினான். ஆட்டம் இரண்டு தடவை நீடிக்கப்பட்டபோது, இரண்டு தடவையும் தானே பந்தைச் சுமந்து எல்லையைக் கடந்தான். 31-24 என்று ஜயம். நவம்பர் முடிவதற்குள் எறிந்து 34, ஓடி 11 என்று 45 டச்டவுன்கள் அவன் கணக்கில் இருந்தன. பிக் டென் வரலாற்றில் ஒரு பருவத்துக்கு அதற்கு முன் அத்தனை இல்லை. 'மில்லர் இல்லையே' என்ற பேச்சு ஓய்ந்துவிட்டது.

நவம்பர் 29-ஆம் தேதி பரம வைரியான மிச்சிகனோடு ஆட்டம். நான்காம் பகுதியின் தொடக்கத்தில் பாரெட்டின் கணுக்கால் முறிந்தது.

உள்ளே வந்தான் கார்டேல் ஜோன்ஸ். கிளீவ்லண்டு நகரத்துப் பையன். 6 அடி 5 அங்குலம். சுமார் 250 ராத்தல். போட்டியில் பாரெட்டிடம் தோற்று ஓரத்தில் நின்றவன். அவனைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். 2012-ல், 'நாங்கள் பந்தாட வந்தோமே தவிரப் படிக்க வரவில்லை, வகுப்பு எதற்கு?' என்ற கருத்தில் டுவிட்டரில் எழுதி நகைப்புக்கு ஆளானவன். மிச்சிகன் ஆட்டம் எப்படியோ 42-28 என்று முடிந்தது. அடுத்த சனிக்கிழமை இண்டியானாபொலிஸில் விஸ்கான்ஸினோடு பிக் டென் இறுதி ஆட்டம். அந்த வருஷம்தான் தேசத்தின் நான்கு சிறந்த கட்சிகளை ஒரு குழு பொறுக்கி எடுத்து மோதவிடும் ஏற்பாடு ஆரம்பமாயிருந்தது. ஒஹையோ ஐந்தாவது இடத்தில் இருந்தது. பந்தயம் கட்டுபவர்கள் விஸ்கான்ஸின் பக்கம் சாய்ந்தார்கள். ஒரே வாரத்தில் என்ன செய்ய முடியும்?

இரண்டாவது தடவையாக ஆட்டத்தைப் பிரித்துக் கட்டினார்கள். ஜோன்ஸிடம் பாரெட்டின் நெளிவு சுளிவு இல்லை. தோளில் பீரங்கி இருந்தது. டெவின் ஸ்மித் என்ற வேகக்காரன் நெடுந்தூரம் ஓடிப் பந்தைப் பிடிப்பதில் வல்லவன். இருவரையும் இணைத்தார்கள். பாரெட் அந்தப் பருவத்தில் தன் கால்களால் 938 கஜம் ஓடியிருந்தான். அந்தப் பாரத்தைப் பெரும்பாலும் எஸகியேல் எல்லியட் என்ற ஓட்டக்காரனின் தலையில் ஏற்றினார்கள். தூரத்து எறிக்குப் பயந்து எதிரிகள் பின்வாங்கி நின்றால் நடுவில் எல்லியட்டுக்கு வழி. எல்லியட்டுக்குப் பயந்து முன்னே வந்தால் பின்னால் ஸ்மித்துக்கு வழி. ஜோன்ஸ் 17 தடவை எறிந்து 12 தடவை சேர்ப்பித்தான், 257 கஜம், ஸ்மித்துக்கு மட்டும் மூன்று டச்டவுன். எல்லியட் 220 கஜம் ஓடினான். முடிவு 59-0. குழுவுக்கு வேறு வழியில்லை. ஒஹையோவுக்கு நான்காவது இடம் கொடுத்தார்கள்.

2015 ஜனவரி 1-ஆம் தேதி முதலிடத்திலிருந்த அலபாமாவோடு நியூ ஆர்லியன்ஸில் மோதல். 21-6 என்று பின்தங்கிய பிறகு எழுந்து 42-35 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தில் நான் மறக்க முடியாதவன் ஜோன்ஸ் அல்ல, எவான் ஸ்பென்ஸர். அவன் எறியப்பட்ட பந்தைப் பிடிக்கும் ஸ்தானத்தில் ஆடுபவன். ஆனாலும் பந்து அவனிடம் அதிகம் வராது. இடைவேளைக்குச் சற்று முன், யாரும் எதிர்பாராதபோது, அவனே குவார்ட்டர்பேக் மாதிரி பந்தை எறிந்து மைக்கேல் தாமஸுக்கு ஒரு டச்டவுன் வாங்கிக் கொடுத்தான். கடைசிப் பகுதியில் எல்லியட் 85 கஜம் ஓடி ஆட்டத்தை முடித்தபோது, வழியைத் திறந்துவிட்டது ஸ்பென்ஸரின் மோதல். முடிவில் அலபாமா குறுகலாக உதைத்த பந்தைப் பாய்ந்து பற்றியதும் அவன்தான். பெயர் பதியாத வேலைகள்!

ஜனவரி 12-ஆம் தேதி டெக்ஸாஸில் ஆரிகனை 42-20 என்று வென்று தேச வெற்றியைப் பெற்றார்கள். எல்லியட் 246 கஜம், நான்கு டச்டவுன். கடைசி மூன்று ஆட்டங்களில் அவன் ஓடியது மொத்தம் 696 கஜம். ஜோன்ஸ் தன் கல்லூரி வாழ்க்கையில் ஆரம்பத்திலிருந்து ஆடிய ஆட்டங்கள் அதுவரை அந்த மூன்றே.

போன ஆளின் இடத்தில் வந்த ஆளை நிறுத்துவது எந்த நிர்வாகியும் செய்வது. போன ஆள் சுமந்திருந்த பாரம் எவ்வளவு என்று அவிழ்த்துப் பார்த்து, வந்தவன் தாங்கக் கூடியதை மட்டும் அவனுக்குக் கொடுத்து, மீதியை மற்ற பத்துப் பேருக்கும் பிரித்துக் கொடுப்பது அபூர்வம். நம் வீடுகளில் குடும்பத் தலைவர் போனதும் மூத்த மகனை அவர் நாற்காலியில் உட்காரவைத்து, 'அப்பா மாதிரி இல்லையே' என்று வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுகிறோம். அந்தச் சொல்லுக்கு இரையானவர்கள் என் கதைகளில் எத்தனையோ பேர் உண்டு. இதனால்தான் இந்தச் சரித்திரத்தில் நின்றேன்.

இதற்குள் ஒரு கசப்பும் உண்டு. மேயரின் ஊதியம் வருஷத்துக்கு 40 லட்சம் டாலருக்கு மேல். தோளும் கணுக்காலும் கொடுத்த பையன்களுக்குப் படிப்புச் செலவு கிடைத்தது, சம்பளம் கிடையாது. 2021 வரை தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கக்கூட அவர்களுக்கு அனுமதி இல்லை. மூவரில் எவனும் பிற்பாடு தொழில்முறை ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்காக நிலைக்கவில்லை. மில்லர் எறியும் வேலையை விட்டுப் பந்து பிடிக்கும் வேலைக்கு மாறினான். வகுப்பு எதற்கு என்று கேட்ட ஜோன்ஸ் 2017-ல் பட்டம் வாங்கினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2015-ல் மூவரும் சௌக்கியம். ஹெர்மன் மட்டும் ஹ்யூஸ்டன் சர்வகலாசாலைக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். செல்வம் மிகுந்த வீட்டில் பாகப் பிரச்சினை வருவதுபோல், ஜோன்ஸா பாரெட்டா என்ற கேள்வி எழுந்தது. முதல் ஏழு ஆட்டங்களை ஜோன்ஸ் தொடங்கினான். பிறகு இடம் பாரெட்டுக்குப் போயிற்று. யார் கைக்கு ஏற்ற ஆட்டம் என்பது தெளிவில்லாமலே நாள் ஓடியது. ஆயினும் ஆட்கள் தேர்ந்தவர்கள். வர்ஜீனியா டெக்கிடம் தோற்றபின் தொடர்ந்து 23 வெற்றி.

நவம்பர் 21-ஆம் தேதி மிச்சிகன் ஸ்டேட் கொலம்பஸுக்கு வந்தது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் கானர் குக் தோளில் அடிபட்டு ஆட முடியாமல் ஒதுங்கியிருந்தான். இரண்டு மாற்று ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினார்கள். அவர்களால் எறிய முடிந்ததை மட்டும் எறியச் சொல்லி, மீதி நேரமெல்லாம் பந்தைக் கையிலேயே வைத்து ஓடினார்கள். அத்தனை ஆள்பலம் இருந்தும் ஒஹையோ அன்று முன்னேறியது மொத்தம் 132 கஜம். எல்லியட்டுக்குப் பந்து 12 தடவைதான் கிடைத்தது. கடைசி நொடியில் மிச்சிகன் ஸ்டேட்காரன் 41 கஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே போயிற்று. 17-14.

ஒஹையோ தன் மைதானத்தில், தான் சென்ற வருஷம் ஊருக்குக் காட்டிய பாடத்தை எதிராளியிடம் கேட்டுக்கொண்டது.