ஏட்டில் விடுபட்ட வீரம்



போர்க்களத்தில் ஒருவர் காட்டும் வீரத்தை நேரில் காண்பவர்கள் மிகச் சிலரே. நாட்டு மக்கள் அறிவதெல்லாம் ஏட்டில் எழுதப்பட்டதை மட்டுமே. எழுதுபவர் மறந்தாலோ, மறைத்தாலோ, பெயரை மாற்றி எழுதினாலோ, களத்தில் நடந்தது நடவாததாகிவிடும். அவ்வாறு ஏட்டில் பிழையாகிப்போன வீரம் எவ்வாறு திருத்தப்படுகிறது, அதற்கு எத்தனை காலம் ஆகிறது என்பதை வரலாற்றிலிருந்து சில சான்றுகளைக் கொண்டு காண்போம்.

நமது நாட்டில் போர்க்கள வீரத்திற்குரிய விருதுகள் மூன்று. அவை பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா என்பன. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட இவ்விருதுகள், 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லுபடியாகும் என அறிவிக்கப்பட்டன. எந்தப் படைவீரரும் தமக்கு விருது வேண்டும் என்று தாமே விண்ணப்பிப்பதில்லை. அவருடைய தளபதி, நடந்ததை எழுதிப் பரிந்துரைக்க வேண்டும். அப்பரிந்துரை படிப்படியாக மேலேறிப் பாதுகாப்பு அமைச்சகத்தை அடைந்து, இறுதியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறுகிறது. இத்தனை படிகளில் ஏதேனும் ஒன்றில் ஒரு வரி தவறினாலும், உரியவருக்கு உரியது சேராமல் போகும்.

இதற்கு 1999ஆம் ஆண்டின் கார்கில் போரே இரண்டு சான்றுகளைத் தருகிறது.

முதலாவது, பெயரால் நேர்ந்த குழப்பம். டைகர் ஹில் மலைமுகட்டைக் கைப்பற்றிய தாக்குதலில், 18ஆவது கிரனேடியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த யோகேந்திர சிங் யாதவ் உடலெங்கும் குண்டுக் காயங்களுடன் போரிட்டார். அப்போது அவருக்கு வயது 19. அவருக்குப் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டபோது, மறைவுக்குப் பின் வழங்கப்படும் விருது என்றே அறிவிப்பு வெளியாயிற்று. அவரோ மருத்துவமனையில் உயிருடன் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். அதே படைப்பிரிவில் அதே பெயர் கொண்ட மற்றொரு வீரர் போரில் உயிரிழந்திருந்ததே குழப்பத்திற்குக் காரணம். உரியவர் உயிருடன் இருந்ததால் இப்பிழை விரைவிலேயே திருத்தப்பட்டது.

இரண்டாவது, எளிதில் தீராதது. பட்டாலிக் பகுதியில் 70ஆவது காலாட்படைப் பிரிகேடை நடத்தியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். மகா வீர் சக்ராவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அவருக்குக் கிடைத்ததோ, சிறந்த பணிக்கென வழங்கப்படும் விசிஷ்ட சேவா பதக்கமே. போருக்குப் பின் எழுதப்பட்ட அறிக்கைகளில் அவருடைய பங்கு குறைத்துக் காட்டப்பட்டிருந்தது. பதவி உயர்வும் அவருக்குக் கிட்டவில்லை. அவர் நீதியை நாடினார். 2010 மே மாதத்தில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவரைப் பற்றி மேலதிகாரி எழுதிய மதிப்பீடு ஒருதலைப்பட்சமானது எனக் கண்டு அதனை ஒதுக்கியது. போர் வரலாற்றில் அவருடைய பிரிகேடு ஆற்றிய பணி உள்ளபடியே எழுதப்பட வேண்டும் எனவும் பணித்தது. போர் முடிந்து ஏறத்தாழ பதினொரு ஆண்டுகளுக்குப் பின் வந்த தீர்ப்பு இது. பதக்கத்தைக் காட்டிலும், நடந்தது நடந்தவாறே எழுதப்படுவது ஒரு படைவீரருக்கு எத்துணை முக்கியம் என்பதை இவ்வழக்கு நமக்கு உணர்த்துகிறது.

வெளிநாடுகளிலும் இதுவே நிலை. அமெரிக்காவின் மிக உயர்ந்த போர் விருது ‘மெடல் ஆஃப் ஹானர்’. இரண்டாம் உலகப் போரில் நானூறுக்கும் மேற்பட்டோருக்கு அவ்விருது வழங்கப்பட்டபோது, அவர்களுள் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. பிற்காலத்தில் அந்நாட்டு இராணுவமே ஆய்வு செய்வித்துப் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. அதன் பயனாக, 1997 ஜனவரி 13 அன்று கறுப்பின வீரர்கள் எழுவருக்கு விருது வழங்கப்பட்டது. அவர்களுள் அன்று உயிருடன் இருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவரே. 1945 ஏப்ரலில் இத்தாலியில் அவர் காட்டிய வீரத்திற்கான விருது, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்தே அவர் கைக்கு வந்தது. மற்ற அறுவரும் அதனைக் காணவில்லை.

பாரிஸ் டேவிஸ் என்னும் கறுப்பின கேப்டனின் வரலாறு இதனினும் வியப்பானது. 1965 ஜூன் மாதத்தில், வியட்நாமின் போங் சோன் என்னும் இடத்தில் நடந்த சண்டையில், களத்தை விட்டு நீங்குமாறு உத்தரவு வந்தும், காயமுற்ற தம் வீரர்களை விட்டு வர அவர் மறுத்தார். அவருக்கு உயரிய விருது வழங்கப் பரிந்துரை அனுப்பப்பட்டது, அது தொலைந்தது. மீண்டும் அனுப்பப்பட்டது; அதுவும் தொலைந்தது. பல்லாண்டுகளுக்குப் பின் தன்னார்வலர்கள் சிலர் எஞ்சியிருந்த சாட்சியங்களைத் திரட்டிப் பரிந்துரையைப் புதிதாக உருவாக்கினர். 2023 மார்ச் 3 அன்று அவ்விருது அவரை அடைந்தபோது, அவர் எண்பது வயதைக் கடந்த முதியவர்.

இச்சான்றுகள் அனைத்திலும் பொதுவாக நாம் காண்பது ஒன்று உண்டு. பிழையைத் திருத்தியது எவருடைய இரக்கமும் அன்று, சாட்சியமே. உடனிருந்தவரின் வாக்குமூலம், அன்றைய நாளில் எழுதப்பட்ட கடிதம், மருத்துவமனைச் சீட்டு, படைப்பிரிவின் நாட்குறிப்பு ஆகியவை நிலைத்திருந்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் உண்மை எழுந்து நிற்கும். சாட்சிகள் மறைந்து, காகிதங்கள் கரையானுக்கு இரையாகிவிட்டால், எந்த நீதிமன்றத்தாலும் ஏதும் செய்ய இயலாது.

ஆகவே சகோதரர்களே, நம் ஜலகண்டாபுரத்திலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் படையில் பணியாற்றித் திரும்பிய பெரியவர்கள் எவரேனும் இருப்பின், எச்சமயத்தவராயினும், அவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, எந்த இடம், உடனிருந்தவர் யார் என்பவற்றைத் தேதியுடன் எழுதி வையுங்கள். அவர்களுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, மனைவி மக்களின் பெயர்கள் ஆகியன சரியாக உள்ளனவா எனப் பாருங்கள். முதலெழுத்தில் நேரும் சிறு பிழைகூட, பின்னாளில் குடும்ப ஓய்வூதியத்திற்குத் தடையாகிவிடக்கூடும். பிழை இருப்பின், அவர் உயிருடன் இருக்கும்போதே அவரவர் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றியோருக்கு அது நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. சேலத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும். அங்கும் தீராத குறைகளுக்கு, சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை உண்டு.

ஒருவர் செய்த நற்செயலை உள்ளபடி எழுதி வைப்பது, அவரைக் கண்டவர்கள் மீதும் கேட்டவர்கள் மீதும் சுமத்தப்பட்ட அமானிதமாகும். நாட்டின் எல்லையில் உயிரைப் பணயம் வைத்தவர், தம் பெயருக்காகவும் முதுமையில் போராட வேண்டிய நிலையை நாம் உண்டாக்கலாகாது.