அளவுகோல் வந்தது, நடுவர் வரவில்லை: ருவாண்டாவுக்குப் பிந்தைய மனிதாபிமானப் பொறுப்புக்கூறல்

1994 ஜூலை நடுவில் சில நாள்களுக்குள் ஏறத்தாழ 8 லட்சம் ருவாண்டா மக்கள் எல்லை தாண்டி, அன்றைய ஜைரேயின் கோமா நகர்ப் பகுதிக்குள் புகுந்தனர். அங்கே எரிமலைப் பாறைத் தரை. கழிப்பிடத்துக்கும் குழி வெட்ட முடியாது, பிணம் புதைக்கவும் முடியாது. குடிக்கக் கிவு ஏரித் தண்ணீர்தான். காலரா பரவியது, முதல் மாதத்தில் மட்டும் சுமார் 50,000 பேர் இறந்தனர். உதவிக்கு ஆள் இல்லாமல் இது நடக்கவில்லை. தொண்டு நிறுவனங்கள் பெரும் எண்ணிக்கையில் வந்து குவிந்திருந்தன. நெடுநாள் அனுபவம் உள்ளவை சில. தொலைக்காட்சி கேமராக்கள் இருக்கும் இடத்தில் தம் கொடியும் தெரிய வேண்டும் என்று வந்தவை சில.

காலரா தணிந்த பிறகு வெளிப்பட்டது இதைவிடப் பெரிய சிக்கல். முகாம்களை உண்மையில் நடத்தியவர்கள், ருவாண்டாவில் இனப்படுகொலையை முன்னின்று நடத்திய பழைய ஆட்சியின் தலைவர்களும் படையினரும். உணவு அவர்கள் கை வழியாகவே மக்களுக்குப் போனது. உதவிப் பொருள் கொலைகாரர்களுக்குத் தீனியாகிறது என்று சொல்லி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு 1994 நவம்பரில் வெளியேறியது. ஏனைய பெரும்பாலானவை தங்கிவிட்டன. விட்டுப் போனால் பட்டினி கிடக்கப் போவது குழந்தைகள் என்ற அவற்றின் வாதத்தையும் எளிதில் தள்ள முடியாது.

இதன் பிறகு டென்மார்க்கின் முன்முயற்சியில், கொடையாளி நாடுகளும் ஐ.நா. முகமைகளும் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களுமாக 37 தரப்புகள் சேர்ந்து ஒரு கூட்டு மதிப்பீட்டுக்கு முன்வந்தன. அந்த அளவில் அப்படியொரு தன்னாய்வு அதற்கு முன் நடந்ததில்லை. 1996 மார்ச்சில் வெளியான அறிக்கையின் தலையாய முடிவு உதவித் துறையைப் பற்றியதே அல்ல. அரசியல் முடிவெடுக்க வேண்டிய வல்லரசுகள் அதைத் தட்டிக்கழித்து, அந்த இடத்தில் நிவாரணப் பொருள்களை அனுப்பி வைத்தன என்பதே அது. அடுத்த நிலையில்தான் நிறுவனங்களின் தரக்குறைவு பேசப்பட்டது. அதைத் திருத்த இரண்டு வழிகளை அறிக்கை எடைபோட்டது: நிறுவனங்கள் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்வது, அல்லது வெளியிலிருந்து ஒரு தரச்சான்று முறை.

அடுத்த இருபது ஆண்டுகளின் போக்கைத் தீர்மானித்தது இந்த இடத்தில் நேர்ந்த தேர்வுதான் என்பது என் கருத்து. முதல் முடிவு வல்லரசுகளை நோக்கியது. அதை அவை காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவதில் எளிய வழி எடுக்கப்பட்டது: நிறுவனங்கள் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டன. அப்படி அவை 1997-இல் தொடங்கிய ஸ்பியர் திட்டம் 2000-இல் முழுமையான கையேட்டை வெளியிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர், 20 பேருக்கு ஒரு கழிப்பிடம், ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம், 2,100 கலோரி உணவு என்ற அளவுகள் அதிலிருந்துதான் உலகெங்கும் பரவின. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கோமாவில் இந்த அளவில் பாதி கிடைத்திருந்தாலும் பல உயிர்கள் தப்பியிருக்கும். ஆனால் முகாமை யார் ஆள்கிறார்கள் என்ற கேள்விக்கு லிட்டர்க் கணக்கில் விடை கிடையாது. பிரெஞ்சு அமைப்புகள் அன்றே எழுப்பிய ஆட்சேபமும் இதுதான்.

பாதிக்கப்பட்டவர் முறையிட, நிறுவனங்களைச் சாராத ஒரு நடுவர் வேண்டும் என்ற யோசனையும் அதே ஆண்டுகளில் எழுந்தது. பிரிட்டிஷ் அமைப்புகள் அதைச் சில காலம் ஆராய்ந்தன. முடிவில் நடுவர் கைவிடப்பட்டார். அவருக்குப் பதிலாக 2003-இல் ஜெனீவாவில் உறுப்பினர்களே நடத்தும் கூட்டமைப்பு ஒன்று பிறந்தது. விரும்பியவர் சேரலாம், விரும்பாதவர் விலகி நிற்கலாம்.

இந்த ஏற்பாட்டை முதலில் சோதித்தது 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலைக்கு உலகம் தருவதாகச் சொன்னது சுமார் 1,400 கோடி டாலர். நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் இணைந்து 2006-இல் வெளியிட்ட மதிப்பீடு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியது: ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டவர் தலைக்கு 7,100 டாலருக்குக் குறையாத உதவி, அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு 3 டாலர். தேவையைப் பார்த்தே உதவி என்ற நெறி எல்லா ஏடுகளிலும் அப்போது இருந்தது.

முதல் நாள்களில் உயிர்களைக் காத்தவர்கள் உள்ளூர் மக்களே என்றும், பின்னால் வந்த அயல் நிறுவனங்கள் அவர்களை ஓரம் தள்ளின என்றும் அந்த மதிப்பீடு சொன்னது. நாகப்பட்டினத்தில் நிவாரணமாக வந்து சாலையோரம் குவிந்து மழையில் மக்கிய பழைய துணிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் நாகையில் வேறொன்றும் நடந்தது. மீனவர் கூட்டுறவு அமைப்பும் உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து சில நாள்களிலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. நிரந்தர வீடு கட்ட வந்த நிறுவனங்கள் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்ய வேண்டியிருந்தது. குறைகள் நிறைய இருந்தன. தகரமும் தார்த்தாளுமாக எழுந்த தற்காலிகக் குடியிருப்புகளின் வெக்கை ஒன்றே போதும் சாட்சிக்கு. ஆனால் கேள்வி கேட்க ஓர் அலுவலகம் இருந்தது, வாசலில் போய் நிற்க முடிந்தது.

பிறகு வந்த ஆவணங்கள் பல; ஒவ்வொன்றையும் விவரிக்கத் தேவையில்லை. 2016 மே மாதம் இஸ்தான்புல் மனிதாபிமான மாநாட்டில் கொடையாளிகளும் உதவி நிறுவனங்களும் ஏற்ற உடன்பாடு, 2020-க்குள் மனிதாபிமான நிதியில் 25 விழுக்காட்டை இயன்றவரை நேரடியாக உள்நாட்டு அமைப்புகளிடம் தருவதாக உறுதி கூறியது. நேரடியாகப் போய்ச் சேர்ந்தது ஐந்து விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. தவறியவர் எவருக்கும் தண்டம் இல்லை.

அதே 2016-இல் ஹைட்டி மக்கள் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2010 அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவி, கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்திருந்தனர். இழப்பீடு கோரிய மனுக்களை ஏற்க இயலாது என்று ஐ.நா. 2013-இல் திருப்பியது. 2016 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐ.நா.வின் சட்ட விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அமைதிப்படை நிவாரண நிறுவனம் அல்லதான். ஆனால் முறையிட இடமில்லாதவரின் நிலை இரண்டிலும் ஒன்றே. டிசம்பரில் பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கோரி, 40 கோடி டாலர் திட்டமொன்றை அறிவித்தார். விரும்பிய நாடுகள் தரலாம் என்பது ஏற்பாடு. சில ஆண்டுகள் கழித்தும் சேர்ந்தது அதில் மிகச் சிறு பங்கே.